பாலைவனப் புதரின் இலையை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: என் மகள் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறாள். போன ஜூலையில் அவளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போயிருந்தேன். வீட்டைச் சுற்றிப் பாலைவனம். மழை பெய்தால் ஒரு புதரிலிருந்து அப்படி ஒரு வாசனை வரும். பக்கத்து வீட்டு மெக்சிகோ பாட்டி அதை 'கோபர்நதோரா' என்றார். மூட்டு வலி, சளி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் அவர்கள் ஊரில் குடிப்பார்களாம். நானும் பறித்து, நிழலில் உலர்த்தி, இரண்டு பை கொண்டுவந்தேன். சிங்கப்பூரில், தெம்பனிஸில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. இனிப்பு நீருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், முட்டி வலிக்குப் பனடோல் போடுகிறார். ஒரு கைப்பிடி இலையை நாலு கிளாஸ் தண்ணீரில் போட்டு ஒரு கிளாஸாக வற்றவைத்து, மூன்று வாரமாகத் தினமும் காலையில் கொடுக்கிறேன். வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார். எங்கள் புளோக்கில் இரண்டு பேருக்கும் இலை கொடுத்திருக்கிறேன். தொடர்ந்து கொடுக்கலாமா? மகளும் குடிக்கலாமா? எண்ணெய் காய்ச்சலாமா? இங்கே தொட்டியில் வளருமா? காப்ஸ்யூலாகவும் ஆன்லைனில் கிடைக்கிறது என்கிறாளே, அது இன்னும் நல்லதா?

அன்புள்ள அக்கா,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். நாளைக் காலை அம்மாவுக்கு அந்தக் கஷாயம் வேண்டாம். இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த வாரத்துக்குள் அவரைப் பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ அழைத்துப்போய், என்ன இலை, எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லி, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். இலை வாங்கிக்கொண்ட இரண்டு வீட்டுக் கதவையும் இன்றே தட்டி, குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், கல்லீரல் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகள் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், அவளும் குடிக்கக் கூடாது.

பயமுறுத்துவதற்காக இப்படி எழுதவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அம்மாவுக்கு இப்போது எதுவும் ஆகியிருக்கும் என்று நினைக்க இடமில்லை. பசி, தூக்கம், நடமாட்டம் எல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் பரிசோதனையும் சரியாகவே வரும். ஆனாலும் அதை எடுத்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பறித்த புதருக்கு ஆங்கிலத்தில் கிரியோசோட் புஷ் என்று பெயர். தாவரப் பெயர் லாரியா டிரைடென்டேட்டா. மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் சப்பரல் என்ற பெயரில் விற்பார்கள், அதனால் உங்கள் மகள் பார்த்த காப்ஸ்யூலும் இதுவேதான். நம் ஊர் நெருஞ்சி இருக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. சிறு மஞ்சள் பூ, ஐந்து இதழ், பஞ்சு மூடிய உருண்டைக் காய், காம்பில் ஜோடியாக ஒட்டிய குட்டி இலைகள், தொட்டால் கையில் பிசுபிசுப்பு. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் உள்ள மொஹாவி, சொனோரா, சிவாவா பாலைவனங்கள் முழுக்க இதுதான். கலிஃபோர்னியாவின் மொஹாவியில் ஒரே வேரிலிருந்து வட்டமாகப் பரவிய ஒரு புதர்க் கூட்டத்தின் வயதைச் சுமார் 11,700 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் மழை இல்லாமல் இலையைப் பச்சையாக வைத்திருக்கும் செடி. அதைப் பார்த்து மனிதர்களுக்கு மதிப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பாட்டி சொன்னதும் பொய் இல்லை. தொஹோனோ ஓதம், பீமா, கவியா, செரி போன்ற அந்த மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த இலையைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆவி பிடிப்பார்கள், காயத்துக்கும் வலிக்கும் கட்டுவார்கள், சளிக்கும் வயிற்றுக்கும் குடிப்பார்கள். அந்த அறிவை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது அவர்கள் கையில் இருந்தபோது அதோடு வேறு பல விஷயங்களும் சேர்ந்தே இருந்தன: எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது. நம் சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார். பத்தியம் சொல்லாமல், நாள் கணக்குச் சொல்லாமல் மருந்து தரமாட்டார். உங்கள் பையில் விமானம் ஏறி வந்தது இலை மட்டும். மற்றதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. எனக்குக் கவலையே அதுதான்.

இப்போது கல்லீரலுக்கு வருகிறேன். இந்த இலையின் பிசுபிசுப்புக்குக் காரணமான பிசினில் நார்டைஹைட்ரோகுவாயாரெட்டிக் அமிலம் என்ற ஒரு பொருள் இருக்கிறது. சுருக்கமாக என்.டி.ஜி.ஏ. என்பார்கள். ஒரு காலத்தில் எண்ணெயும் கொழுப்பும் கெட்டுப்போகாமல் இருக்க இதை அமெரிக்காவில் உணவிலேயே சேர்த்தார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வந்ததால், 1968-ல் பாதுகாப்பான உணவுச் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

பிறகு காப்ஸ்யூல் காலம் வந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும், முதுமையைத் தள்ளிப்போடும், புற்றுநோயைக் கரைக்கும் என்று இலைப் பொடியை விற்றார்கள். மக்கள் மாதக்கணக்கில் விழுங்கினார்கள். 1992-ல் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி அறிக்கை வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சப்பரலைச் சாப்பிட வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. 1992-லிருந்து 1994 வரை அந்த நிர்வாகத்துக்கு வந்த 18 புகார்களை மருத்துவர்கள் பிறகு ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. நாலு பேருக்கு அது கல்லீரல் சுருக்கம் வரை போனது. இரண்டு பேருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டியதாயிற்று. 60 வயதான ஒரு பெண் பத்து மாதம் இதைச் சாப்பிட்ட பிறகு கல்லீரல் செயலிழந்து மாற்று அறுவைக்குப் போனது மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது.

இதில் உங்களுக்கு முக்கியமான எண் ஒன்று உண்டு. சாப்பிட ஆரம்பித்த 3 வாரத்திலிருந்து 52 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் மஞ்சள் காமாலை தெரிந்திருக்கிறது. "மூன்று வாரம் ஆச்சு, ஒன்றும் ஆகவில்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது, அக்கா. அம்மா இப்போதுதான் அந்தக் காலத்தின் வாசலுக்கு வந்திருக்கிறார். நல்ல செய்தியும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறது: நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு 1 வாரத்திலிருந்து 17 வாரத்துக்குள் கல்லீரல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இன்றே நிறுத்தச் சொல்கிறேன்.

மறுபக்கமும் சொன்னால்தான் நியாயம். பயிற்சி பெற்ற மூலிகை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்குச் சிறிய அளவில் கொடுத்ததைத் திரும்பிப் பார்த்து 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் கல்லீரல் பாதிப்பு தென்படவில்லை. ஆனால் அது சில டஜன் பேரைக் கொண்ட சிறிய ஆய்வு. அவர்கள் பார்த்தது அளந்து கொடுத்த சாறும் விளக்கெண்ணெயில் இறக்கி மேலே தடவிய மருந்தும்தான். கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் செய்தது வேறு. நாலு கிளாஸை ஒன்றாக வற்றவைப்பது நம் கஷாய முறை. அது நம் மூலிகைகளுக்கு, நம் அளவுகளுக்கு ஏற்பட்டது. அந்த முறையை ஒரு பாலைவனப் பிசின் இலைக்குப் போட்டால், கிளாஸில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பிடிக்குக் கைப்பிடி மாறும், கொதிக்கும் நேரத்துக்கு ஏற்ப மாறும், எந்த மாதத்தில் எந்தப் புதரில் பறித்தது என்பதைப் பொறுத்தும் மாறும்.

காப்ஸ்யூல் இன்னும் நல்லதா என்று கேட்டீர்கள். இல்லை, இன்னும் மோசம். இந்தப் பிசின் தண்ணீரில் லேசில் கரையாது. காப்ஸ்யூலில் இலையை முழுதாகப் பொடித்து அடைத்திருப்பதால் பிசின் மொத்தமும் வயிற்றுக்குள் போகும். வாயில் கசப்பு தெரியாததால் நிறுத்தத் தோன்றாது. வாங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

"அந்தப் பாலைவனத்தில் மிருகங்கள் தின்கின்றனவே" என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். அதற்கு அழகான ஒரு விடை உண்டு. மொஹாவியில் ஒருவகைக் காட்டெலி இந்த இலையைத் தின்றே வாழ்கிறது. யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதன் குடலில் இருக்கும் நுண்ணுயிரிகளை ஆன்டிபயாட்டிக் கொடுத்து அழித்தார்கள். அப்புறம் அந்த எலியால் அதே இலையைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இலையைப் பழகாத வேறு எலிகளுக்கு அந்த நுண்ணுயிரிகளைக் கொடுத்தபோது, அவற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் வந்தது. 2014-ல் வெளிவந்த ஆய்வு இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தப் புதரோடு வாழ்ந்து, விஷத்தை முறிக்கும் கூட்டத்தையே வயிற்றுக்குள் சேர்த்துக்கொண்ட பிராணி அது. தெம்பனிஸில் இட்லியும் மீன் குழம்பும் சாப்பிடும் நம் அம்மாவின் வயிற்றில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை.

புற்றுநோய்க் கதையையும் நீங்கள் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 1960-களில் யூட்டாவில் தோல் புற்றுநோய் வந்த ஒரு முதியவர் இந்தத் தேநீரைக் குடித்து, கட்டி சுருங்கியது உண்மைதான், மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நம்பிப் பல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பலன் இல்லை. உங்கள் புளோக்கில் யாருக்காவது அந்த நம்பிக்கையில் இலை போயிருந்தால், அவரிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள். சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டால் போன காலம் திரும்பி வராது.

அம்மாவின் மாத்திரைகளைப் பார்ப்போம். கொழுப்பு மாத்திரை பெரும்பாலும் அடோர்வாஸ்டாட்டின் அல்லது சிம்வாஸ்டாட்டினாக இருக்கும். அரிதாகச் சிலருக்கு அதுவே கல்லீரல் நொதிகளைக் கொஞ்சம் ஏற்றும். பனடோல் என்பது பாராசிட்டமால், அளவு மீறினால் நேராகக் கல்லீரலைத் தாக்கும். இரண்டும் சரியான அளவில் நல்ல மருந்துகள்தான். ஆனால் கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை கொடுக்கும் மருந்துகள் இருக்கும் இடத்தில், மூன்றாவதாக அளவு தெரியாத ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். சர்க்கரைக்கும் இதே கவனம் வேண்டும். என்.டி.ஜி.ஏ. எலிகளில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. அம்மா மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறாரா, கிளிப்பிசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அவை இருந்தால், இந்த மூன்று வாரத்தில் மயக்கம், வியர்வை, கை நடுக்கம் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். கஷாயத்தை நிறுத்திய பிறகு சில நாள் விரல் குத்திச் சர்க்கரை பார்த்து எழுதிவைத்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். மாத்திரை எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்கிறேன். நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தத் தயக்கத்தைத்தான். "டாக்டர் திட்டுவார்", "தாதி சிரிப்பார்" என்று வாயை மூடிக்கொள்வார்கள். இங்கே பலதுறை மருந்தகமும் மருத்துவமனையும் எழுதித் தந்த மருந்துகள் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் இருக்கும், மருத்துவர் திறந்து பார்க்கலாம். உங்கள் அடுப்பில் காய்ச்சியது அதில் இருக்காது. நாளை பரிசோதனையில் நொதிகள் ஏறியிருக்கின்றன என்று வையுங்கள். இலையைப் பற்றித் தெரியாத மருத்துவர் யாரைச் சந்தேகப்படுவார்? கொழுப்பு மாத்திரையை. அதை நிறுத்துவார். அம்மாவின் இதயத்துக்கும் மூளைக்கும் காவலாக இருந்த மாத்திரை போய்விடும், குற்றவாளி சமையலறை டப்பாவில் பத்திரமாக இருக்கும். ஆகவே ஒரு சின்ன பையில் கொஞ்சம் இலையையும் எடுத்துக்கொண்டு போங்கள். லாரியா டிரைடென்டேட்டா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பாதிப்பு ஏதாவது தெரிந்தால் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் அவர் தெரிவிக்கலாம். மூலிகைகளால் வரும் பக்க விளைவுகளையும் ஆணையம் பதிவு செய்துகொள்கிறது.

பரிசோதனை முடிவு வரும்வரையும் அதற்குப் பிறகு சில வாரமும் அம்மாவைக் கவனித்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, கண் வெள்ளை மஞ்சளாவது, மலம் வெளுத்துப்போவது, உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத அசதி. இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள், காலை வரை காத்திருக்கக் கூடாது.

இங்கே கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கண் மஞ்சளானால் நம் வீடுகளில் கை தானாகக் கீழாநெல்லியைத் தேடும். தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் பொடி கிடைக்கும், யாராவது ஒருவர் வீட்டுத் தொட்டியில் செடியும் இருக்கும். ஒரு மூலிகையால் வந்த காமாலைக்கு இன்னொரு மூலிகையைக் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், எது எதைச் செய்கிறது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. அந்த நாட்கள்தான் கல்லீரலுக்கு விலைமதிப்பற்ற நாட்கள். முதலில் மருத்துவமனை. கீழாநெல்லியைப் பற்றி அங்கே கேட்டு, அவர்கள் சரி என்றால் பார்க்கலாம்.

எண்ணெய் காய்ச்சுவது பற்றி. வெளியே தடவுவது குடிப்பதைவிட ஆபத்து குறைந்தது, அதனால் இதில் நான் முழுக்கத் தடை போடவில்லை. அரிசோனாவில் விளக்கெண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ இலையை ஊறவைத்து, தேன்மெழுகு சேர்த்துக் களிம்பாகச் செய்து, வறண்ட தோலுக்கும் வலிக்கும் தடவுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிசின் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். என்.டி.ஜி.ஏ.-வையே ஒரு தோல் களிம்பாக 1992-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சூரிய ஒளியால் வரும் தடிப்புகளுக்கான மருந்து அது. தடவியவர்களில் பலருக்குச் சிவந்து எரிந்தது, பின்னால் சந்தையிலிருந்தே போய்விட்டது. நீங்கள் உங்களுக்காக மட்டும் செய்து பார்ப்பதானால், முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, சிவக்கவில்லை என்றால் சிறிய இடத்தில், புண் இல்லாத தோலில் தடவலாம். அம்மாவுக்கு வேண்டாம். சர்க்கரை உள்ள வயதானவரின் காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலே அது ஆற எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தை பிறந்த வீட்டில் மகள் மார்பிலோ கையிலோ தடவிக்கொண்டு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

இலையின் வாசனை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு ஒரு தடையும் இல்லை. அங்கே பலர் ஒரு கொத்தைக் குளியலறையில் கட்டித் தொங்கவிடுவார்கள், வெந்நீர் ஆவியில் மழை வாசனை வரும். உங்கள் வீட்டிலும் செய்யலாம். யாருக்கும் ஆஸ்துமா இல்லையென்றால் சரி. மீதி இலையைப் 'பாலைவன இலை, குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டி, டீத்தூள், கஷாயப் பொடி இருக்கும் அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள். வேலைக்கு உதவியாக ஒரு பணிப்பெண் இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள்.

அடுத்த முறை அங்கே போகும்போது பறிக்க நினைத்தால், முதலில் அது யார் நிலம் என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். சகுவாரோ, ஜோஷுவா மரம் போன்ற தேசியப் பூங்காக்களில் செடியை ஒடிப்பதே குற்றம். பழங்குடி மக்களின் நிலத்தில் அவர்கள் அனுமதி இல்லாமல் கை வைப்பது சட்டப்படியும் தவறு, மரியாதைப்படியும் தவறு. அவர்கள் மருந்தை அவர்கள் வாசலிலிருந்து கேட்காமல் எடுத்துவருவது போலாகும். மகள் வீட்டு வளாகத்திலேயே இருக்கும் புதரானால் நுனிக் கிளையை மட்டும் கத்தரித்து எடுங்கள், நெடுஞ்சாலை ஓரத்தையும் களைக்கொல்லி அடித்த இடத்தையும் தவிருங்கள். ஆனால் அதுவும் வாசனைக்கும் களிம்புக்கும்தான்.

இங்கே வளராது, அக்கா. ஃபீனிக்ஸ் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை. சிங்கப்பூரில் 2,000-க்கும் மேல். நம் தாழ்வாரத் தொட்டியில் வேர் அழுகிப் போகும். விதையோ மண் ஒட்டிய செடியோ கொண்டுவருவதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிமுறைகளும் உண்டு. அப்படியே இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: இங்கே பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் நொச்சி, ஆவாரை, எதுவானாலும் அனுமதியில்லாமல் பறித்தால் அபராதம். வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்வது நல்லது.

கடையில் வாங்கும்போதும் பெயர், கம்பெனி, காலாவதித் தேதி எழுதிய பாக்கெட்டைப் பாருங்கள். இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நம்பிவிட முடியாது. ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்தில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதால் அதைக் கொண்ட மருந்துகளுக்கு இங்கே தடை இருக்கிறது. மூட்டு வலிக்கு உடனே கேட்கும் என்று அறிமுகமில்லாதவர்கள் விற்கும் 'மூலிகை' மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை பிடித்து அறிவித்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டு இரட்டிப்பு ஆபத்து. ஒரே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக முட்டி வலி. அம்மாவுக்கு உண்மையிலேயே வேண்டியது இதற்கு ஒரு வழிதான், கஷாயத்தைப் பிடுங்கிக்கொண்டு வெறும் கையோடு அனுப்பினால் அவர் வேறு எதையாவது தேடிப் போவார். மருத்துவரைப் பார்க்கும் அதே நாளில் வலியைப் பற்றியும் தனியாகச் சொல்லுங்கள், சர்க்கரைக்கான ஐந்து நிமிடத்தில் அது மறைந்துபோகக் கூடாது. டைக்ளோஃபெனாக் ஜெல் மாதிரி மேலே தடவும் மருந்து அவருக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதைப் பொறுத்து அவர் முடிவு செய்வார். பனடோலைப் பொறுத்தவரை, முடிவு வரும்வரை எத்தனை மாத்திரை போடலாம் என்று கேட்டு அதன்படி கொடுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். இயன்மருத்துவரைப் (பிசியோதெரபிஸ்ட்) பார்க்க மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி முட்டிக்குச் செய்வதை நான் எந்த இலையிலும் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது, இவ்வளவுதான் ஆரம்பம். தினமும் செய்தால் ஆறு, எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், ஆனால் சர்க்கரையால் கால் மரத்திருந்தால் சூட்டை நீங்கள் உங்கள் கையில் பார்த்துவிட்டு வையுங்கள்.

சித்த மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள். அவரிடமும் ஆங்கில மருந்துகளின் பட்டியலைக் காட்டுங்கள், அவர் தருவதை மருந்தாளர்களான எங்களிடமும் காட்டுங்கள். மருந்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்தகத்தில் ஒரு மருந்தாளரிடம் வந்து உட்கார்ந்தால், எதை எதோடு சேர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வோம். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.